பழைய மின் கிற்றார்: மெய்யும் விலையும்

பழம்பொருள் என்றவுடன் செப்பேடும் நாணயமும் ஓலைச்சுவடியுமே பலருக்கும் நினைவில் எழும். தொழிற்சாலையிலே நூற்றுக்கணக்கிற் செய்து குவிக்கப்பட்டதும், மின்சாரத்தின் துணையால் ஒலிப்பதுமான ஓர் இசைக்கருவி அவ்வரிசையிற் சேருமென்று 1960ஆம் ஆண்டில் எவரும் எண்ணியிரார். இன்றோ அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட ஒருவகைக் கிற்றார் பல இலட்சம் டொலருக்குக் கைமாறுகிறது. விலை ஏறிய இடத்திலே போலியும் புகுதல் உலக வழக்கு. பொருளைக் கையில் எடுத்துப் பாராது, இணையத்திலே படத்தை மட்டும் கண்டு பணம் அனுப்பும் வழக்கம் பரவியபின், மெய்யையும் போலியையும் பிரித்தறிதல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அக்கலையின் வரலாறு, கருவியின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறது.

மின் கிற்றாரின் தத்துவம் எளிது. உருக்குத் தந்தியின் கீழே ஒரு காந்தமும் அதனைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கும். அதனைப் பெருக்கி ஒலியாக்குவர். ‘பிக்கப்’ எனப்படும் இவ்வமைப்புடன் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ரிக்கன்பாக்கர், போஷாம்ப் ஆகியோர் செய்த கிற்றார் 1932இல் விற்பனைக்கு வந்தது. எனினும், இன்று சேகரிப்போர் தேடும் கருவிகளிற் பெரும்பாலன இரண்டே பெயர்களைத் தாங்கியவை. ஒன்று ஃபெண்டர், மற்றொன்று கிப்சன்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவிலே வானொலிப் பெட்டி திருத்துங் கடை வைத்திருந்தவர். கருவியின் உடலை ஒரே மரப்பலகையிலே வெட்டி, கழுத்தைத் தனியே செய்து, நான்கு திருகாணிகளால் இணைத்துவிட்டார். பழைய தச்சர் இதனைக் கண்டு நகைத்திருப்பர். ஆயினும் செலவு குறைந்தது, பழுது பார்த்தலும் எளிதாயிற்று. 1950இல் அவர் வெளியிட்ட மாதிரி ஒன்றின் பெயர் ‘புரோட்காஸ்டர்’, அதாவது ஒலிபரப்பாளன். கிரெட்ச் என்னும் கொம்பனி அதே ஓசையுடைய பெயரால் முரசு விற்று வந்தமையின், 1951இல் அப்பெயரைக் கைவிட நேர்ந்தது. புதுப்பெயர் அமையும்வரை, ஒட்டுச்சீட்டிலிருந்த மாதிரிப் பெயரைக் கத்தரித்துவிட்டு, ‘ஃபெண்டர்’ என்ற சொல்லை மட்டும் ஒட்டி அனுப்பினர். பின்னர் ‘டெலிகாஸ்டர்’ என்றாயிற்று. வானொலியின் பெயரோடு பிறந்த கருவி தொலைக்காட்சியின் பெயரோடு வளர்ந்தது எனலாம். இடையிலே பெயரின்றி வெளிவந்த அச்சிலமாதக் கருவிகளைச் சேகரிப்போர் இன்று பெருவிலைக்கு வாங்குகின்றனர்.

கிப்சன் நிறுவனத்தின் கதை வேறு. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த அந்நிறுவனம், லெஸ் போல் என்னும் இசைஞரின் பெயரால் 1952இல் பொன்வண்ணக் கிற்றார் ஒன்றை வெளியிட்டது. 1958இல் அந்த ‘லெஸ்போல்’ கிற்றாருக்குப் புதுவண்ணம் வந்தது. நடுவிலே மஞ்சள், ஓரத்திலே செம்மை, அந்திவானம் போன்ற தோற்றம். விலைப்பட்டியலில் ஏறத்தாழ 250 டொலர். அக்காலத்து இளைஞர் அதனை விரும்பவில்லை, விற்பனை தளர்ந்தது, 1,500 அளவிற் செய்தபின் அவ்வடிவத்தையே கைவிட்டனர். 1966இல் ஜோன் மேயால் குழுவினரின் இசைத்தட்டிலே எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கில இளைஞர் இக்கிற்றாரை வாசித்தார். அதன் ஒலியைக் கேட்டோர் அதே கருவியைத் தேடலாயினர். கடையிலோ அது இல்லை. 1968இல் கிப்சன் ‘லெஸ்போல்’ கிற்றாரை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. ஆயினும் வாங்குவோர் பழையதையே கேட்டனர். பழைய கிற்றாருக்குச் சந்தை ஒன்று பிறந்தது இவ்வாறுதான்.

இதே காலத்தில், 1965 சனவரியில், ஃபெண்டர் நிறுவனம் 13 மில்லியன் டொலருக்குக் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு முற்பட்டவை உயர்ந்தவை, பிற்பட்டவை தாழ்ந்தவை என்பது சேகரிப்போரிடையே ஏறக்குறைய ஒரு சமயக் கொள்கை. உண்மையில் ஒரே நாளில் மரமும் மாறவில்லை, தொழிலாளரும் மாறவில்லை. மாற்றம் சிறுகச் சிறுகவே வந்தது. ஆனால் விலை அந்த ஓராண்டிலே சட்டென இறங்கும். ஆகவே, 1966இன் கருவியை 1964இன் கருவியாகக் காட்டினாற் பெரும் இலாபமுண்டு. போலி செய்வோன் எப்போதும் புதுக் கருவியைப் பழையதாக்குவதில்லை. பழையதைச் சற்றே கூடுதற் பழையதாக்கினாலும் போதும்.

இலக்கியத்துக்குக் காலம் கணிப்போர் புறச்சான்று, அகச்சான்று என இருவகை கூறுவர். கிற்றாருக்கும் அது பொருந்தும். முதலிற் கண்ணிற் படுவது தொடர் இலக்கம். புதியவர் முழுதாக நம்புவதும் அதனையே. சான்றுகளில் மிக மெலிந்ததும் அதுவே. ஃபெண்டரின் இலக்கம் கழுத்தைப் பிணைக்கும் உலோகத் தகட்டிலே பொறிக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் வரிசை பாராது தகட்டை எடுத்துப் பூட்டினர். 0001 என்ற இலக்கமுடைய ‘ஸ்ட்ரேட்டோகாஸ்டர்’ ஒன்று 2019இல் நியூயோர்க் ஏலத்தில் 1,815,000 டொலருக்குப் போயிற்று. அது 1954ஆம் ஆண்டினதே. ஆயினும் அவ்வகையில் முதலிற் செய்யப்பட்ட கருவி அதுவன்று. தகட்டை நான்கு திருகாணி கழற்றி மாற்றிவிடலாம். கிப்சன் இலக்கமோ தலையின் பின்புறத்தே மையால் முத்திரையிடப்பட்டது. அழித்து மீண்டும் இடுதல் அரிதன்று.

அகச்சான்று உள்ளே ஒளிந்திருப்பது. ஃபெண்டர் கழுத்தின் அடியிலே, திருகாணி கழற்றினாலன்றித் தெரியாத இடத்தில், மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் தம் வேலைக்காக இட்ட குறிப்பு அது; வரலாறு எழுதுவது அவர் நோக்கமன்று. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். அடுத்தது, வானொலிப் பெட்டியில் உள்ளதைப் போன்ற ஒலித்திருகு. அதன் முதுகிலே இலக்கங்கள் பொறித்திருக்கும். 1376412 என்றிருப்பின், 137 அதனைச் செய்த நிறுவனம், 64 ஆண்டு, 12 வாரம். ஆனால் இது கூறுவது காலத்தின் மேலெல்லையை மட்டுமே: கிற்றார் அவ்வாரத்துக்கு முன் முடிந்திராது என்பதன்றி, எப்போது முடிந்தது என்பதன்று. 1966இல் ஃபெண்டர் வாங்கிக் குவித்த திருகுகள் பின் சில ஆண்டுகள்வரை பயன்பட்டன. 1966 என்ற திருகைக் கண்டு கருவியும் 1966இனது என்று துணிவோர் ஏமாறுவர்.

திருகை இணைக்கும் ஈயப்பற்றும் பேசும். தொழிற்சாலையில் ஒருமுறை உருக்கி ஒட்டிய பற்று மங்கி, தூசி படிந்து, அசையாதிருக்கும். பிற்காலத்தில் ஒருவர் கைவைத்தால் அது பளபளக்கும். கிப்சன் பிக்கப்பின் அடியில் ‘ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்ற சிறு ஒட்டுச்சீட்டு உண்டு. 1955இல் விண்ணப்பித்து, 1959இல் உரிமை கிடைத்தபின்னும் 1962 அளவும் அச்சீட்டையே ஒட்டி வந்தனர். பின்னர் ஓர் இலக்கத்தை அச்சிட்டனர். விந்தை என்னவெனின், அது பிக்கப்பின் இலக்கமன்று, தந்தியைப் பூட்டும் வேறொரு பாகத்தின் உரிமை இலக்கம். அச்சீட்டு ஒட்டிய பிக்கப் தனியே பல்லாயிரம் டொலர் பெறும். ஆகவே நல்ல கிற்றாரைப் பிரித்து உறுப்புறுப்பாக விற்றுவிட்டு, வேறு பிக்கப்பைப் பூட்டிவிடுவோரும் உளர். சீட்டையே அச்சிட்டு ஒட்டுவோரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

எல்லாவற்றிலும் ஏமாற்றக் கடியது வண்ணம். 1958, 1959 ஆண்டுகளில் ‘லெஸ்போல்’ மீது பூசிய செஞ்சாயம் வெயிலில் வெளிறிவிட்டது. செம்மை நீங்கித் தேன்வண்ணமானவை பல. ஆனால் பிக்கப்பைச் சூழ்ந்த சட்டத்தின் கீழே வெளிச்சம் புகாமையின், அங்கே பழைய செம்மை எஞ்சியிருக்கும். சட்டத்தை நீக்கிக் காட்டுமாறு கேட்டல் வேண்டும். அக்காலத்து நைத்திரோசெல்லுலோசு மெருகு புறஊதாக் கதிரில் மஞ்சள் கலந்த பச்சையாக மிளிரும்; பின்னர் திருத்திப் பூசிய இடம் இருண்டோ வேறு நிறமாகவோ திட்டாகத் தெரியும். ஃபெண்டர் நிறுவனமே 1995 முதல், வேண்டுமென்றே தேய்த்துக் கீறிப் பழந்தோற்றம் ஊட்டிய புதுக் கிற்றார்களை வெளிப்படையாக விற்கிறது. முதுமையைச் செய்யும் கலை இப்போது இரகசியமன்று.

விலை இச்சான்றுகளையே பின்பற்றுகிறது. ஒருமுறை முழுவதும் மறுவண்ணம் பூசியிருப்பின், மற்றெல்லாம் மெய்யாயினும், விலை பாதியளவாகும். 1950களின் பொன்வண்ணக் கருவியைச் செவ்வண்ணமாக்குவதும் உண்டு. சொல்லி விற்றால் அது நேர்மையான தொழில், மறைத்தாற் களவு. இவ்விதிக்குப் புகழ் ஒன்றே விலக்கு. டேவிட் கில்மோர் என்னும் இசைஞரின் கறுப்பு ஸ்ட்ரேட்டோகாஸ்டர், கழுத்தும் பிக்கப்பும் பலமுறை மாற்றப்பட்டதாயினும், அதே 2019 ஏலத்தில் 3,975,000 டொலர் பெற்றது. அங்கே விற்பட்டது மரமன்று, வாசித்தவரின் வரலாறு. அத்தகைய வரலாற்றுக்குப் படமும் பற்றுச்சீட்டும் இருத்தல் வேண்டும். ‘இன்னார் வாசித்தாராம்’ என்ற சொல்லுக்கு ஒரு டொலரும் கூட்டலாகாது.

இணையத்தில் வாங்குவோர் இன்னொன்றையும் உணர்தல் நன்று. விற்போன் எழுதியிருப்பது கேட்கும் விலை. உண்மையில் விற்பட்ட விலை வேறு. ஈபே 1995இலும், இசைக்கருவிகளுக்கென்றே றிவேர்ப் 2013இலும் தொடங்கியபின், முடிந்த விற்பனைகளைத் தேடி ஒப்பிட வழி பிறந்தது. அயல்நாட்டிலிருந்து வாங்குவோர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. அக்காலக் கிற்றார்கள் பலவற்றின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட் மரத்தாலானது. 1992 முதல் அம்மரம் பன்னாட்டு உடன்படிக்கையால் மிகக் கடுமையாகக் காக்கப்படுவதால், உரிய அனுமதியின்றி எல்லை கடத்தினாற் பறிமுதலாகலாம்.

படம் ஏமாற்றும் என்றே பலரும் அஞ்சுவர். அதே படம் உண்மையையும் காட்டிக்கொடுத்ததுண்டு. மரத்தின் இழையோட்டம் மனிதரின் கைரேகை போன்றது. இரு பலகைகளில் ஒன்றுபோல் அமையாது. கனடா நாட்டு இசைஞர் ரண்டி பாக்மன், 1957இற் செய்யப்பட்ட தமது செம்மஞ்சள் வண்ணக் கிரெட்ச் கிற்றாரை 1970களின் நடுவில் தொறொன்ரோ நகர விடுதியொன்றிற் களவு கொடுத்தார். பல்லாண்டு தேடியும் கிடைக்கவில்லை. 2020இல் அவரது அன்பர் ஒருவர், பழைய படத்திலே மரத்திற் கண்ட ஒரு சிறு கரும்புள்ளியை அடையாளமாகக் கொண்டு, இணையத்திலுள்ள படங்களைக் கணினியால் ஒப்பிட்டுத் தேடினார். தோக்கியோக் கடையொன்றின் பழைய விற்பனைப் படத்திலே அப்புள்ளி அகப்பட்டது. வாங்கியிருந்த ஜப்பானிய இசைஞர் களவென்று அறியாதே வாங்கியவர். பாக்மன் அதே ஆண்டில் செய்யப்பட்ட மற்றொரு கிரெட்ச் கிற்றாரைத் தேடி வாங்கி எடுத்துச் சென்றார். 2022 யூலை முதலாம் நாள், தோக்கியோவிலுள்ள கனடியத் தூதரகத்தில், இருவரும் கிற்றாருக்குக் கிற்றார் மாற்றிக்கொண்டு, மேடையேறி ஒருங்கே வாசித்தனர்.