சைவக் கடையின் வாசலும் வாங்கும்

அண்மையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது ஒரு மத்தியான வேளையில் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகத்தில் சாப்பிட நேர்ந்தது. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் 2010களில் தொடங்கப்பட்ட உணவகங்களுள் அதுவும் ஒன்று. பெண்களே சமைக்கிறார்கள், அவர்களே விற்கிறார்கள். மச்சம், மாமிசம் எதுவும் இல்லை. தோசை, உழுந்து வடை, குரக்கன் மாவில் செய்த பண்டங்கள், இலைக்கஞ்சி என நமது மண்ணின் உணவுகள் கண்முன்னே சுடச்சுடத் தயாராகின்றன. விலையும் அதிகமில்லை.

எனக்கு முன்னால் கழுத்துப்பட்டி அணிந்த ஒரு வங்கி அலுவலர் நின்றார். அவருக்கு முன்னால் கையில் சீமெந்து காயாத ஒரு மேசன் தொழிலாளி. எனக்குப் பின்னால் பல்கலைக்கழக மாணவிகள் சிலர். யார் எந்த ஊர், எந்தப் பகுதி என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. தோசை வார்த்த பெண்மணியிடமும் எவரும் அதைக் கேட்கவில்லை. இது மிகச் சாதாரணமான காட்சிதான். ஆனால் இந்தச் சாதாரணத்துக்காக இதே மண்ணில் மனிதர்கள் அடிபட்டார்கள், சிறை சென்றார்கள், உயிரும் துறந்தார்கள் என்பதை இன்றைய தலைமுறையில் எத்தனை பேர் அறிவர்?

இதனை எழுதுவதற்கு எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் உண்டு. எனது அப்பப்பா வலிகாமத்தில் ஒரு சந்தியில் சைவத் தேநீர்க்கடை வைத்திருந்தார். காலையில் தோசையும் இடியப்பமும், மத்தியானத்தில் சோறும் இரண்டு மூன்று மரக்கறிகளும், பின்னேரம் வடையும் போண்டாவும். பெயர்ப்பலகையில் 'சுத்த சைவம்' என்ற சொற்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. நான் பிறந்தது 1969இல். எனக்கு ஐந்தாறு வயதாக இருக்கையில், அந்தக் கடையின் பின்புறத் தட்டில் தூசி படிந்த சோடாப் போத்தல்கள் வரிசையாக இருக்கக் கண்டு, அவை எதற்கு என்று அப்பாச்சியிடம் கேட்டேன். "அது முந்தி வெளியிலை நிண்டு குடிக்கிற ஆக்களுக்கு, ராசா" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

அக்காலத்துக் கடைகளின் நடைமுறை இதுதான். உள்ளே வாங்குகள் இருக்கும். அவற்றில் அமர்ந்து பித்தளைப் பேணியிலோ கண்ணாடிக் கிளாசிலோ தேநீர் அருந்தவும், இலையில் உண்ணவும் ஒரு சாராருக்கே உரிமை இருந்தது. பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்கள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர்களுக்குச் சிரட்டையில், தகரப் பேணியில், அல்லது சோடாப் போத்தலில் தேநீர் ஊற்றப்படும். காசு மட்டும் ஒரே காசு. அந்தக் காசில் தீட்டு ஒட்டவில்லை!

இதில் இன்னொரு இழப்பும் அடங்கியிருந்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அது என்னை அதிகம் உறுத்துகிறது. சந்திக் கடைகள் வெறுமனே சாப்பாட்டுக் கடைகளாக இருக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இளைப்பாறுவதும், கூலிக்கு ஆள் பேசுவதும், அரசியல் விவாதிப்பதும் அங்குதான். கடைக்கு வரும் ஒரேயொரு பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்பார்கள். வாங்கில் அமர முடியாதவனுக்குச் சோறு மட்டுமல்ல, செய்தியும் தூரத்தில்தான் இருந்தது.

தமிழில் 'சைவம்' என்ற சொல் ஒரு சமயத்தையும் குறிக்கும், ஓர் உணவு முறையையும் குறிக்கும். இந்த இரட்டைப் பொருளே சைவக் கடையின் பெருமையாகவும் சிறுமையாகவும் அமைந்தது எனலாம். உணவின் சுத்தத்தைக் காக்கிறோம் என்று தொடங்கிய விதி, உண்பவனின் பிறப்பைச் சோதிக்கும் விதியாக மாறியது. உயிர்க்கொலை கூடாது என்ற கருணையில் பிறந்த ஓர் உணவு, மனிதனை வாசலில் நிறுத்தி வைப்பதற்குத் துணைபோனது. இதைவிடப் பெரிய முரண்பாடு வேறொன்று இருக்க முடியாது.

எதிர்ப்புக் குரல்கள் முன்னரே எழுந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் வழிகாட்டலில் தீண்டாமையைக் கண்டித்தது. அவர்களின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் அதனைக் கண்டித்துப் பேசினார். பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் வழங்க வேண்டும் என்ற விதி 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகள் தீக்கிரையாகின. பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வதையே பொறுக்காத சமூகம், பெரியவர்கள் ஒரே வாங்கில் அமர்ந்து உண்பதை எப்படிப் பொறுக்கும்?

அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் இடையறாத முயற்சிகளுக்குப் பின்னர், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சாதியைக் காரணம் காட்டிக் கடைக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ ஒருவரை நுழையவிடாது தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. யாழ்ப்பாண நகரத்தில் சில கடைகளின் கதவுகள் திறந்தன. கிராமத்துச் சந்திகளிலோ சட்டம் காகிதத்திலேயே இருந்தது. அப்பப்பாவின் கடையில் சோடாப் போத்தல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் ஒரு திருப்புமுனை. என். சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் ஒழுங்கு செய்த அந்த ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். எனினும் அது யாழ்ப்பாணம் சென்றடைந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1967, 1968ஆம் ஆண்டுகளில் சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி எனப் பல இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலும் போராட்டம் நடந்தது. வரலாறு எழுதுவோர் கோவில் பிரவேசத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கின்றனர். தேநீர்க்கடைப் பிரவேசம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கோவிலுக்குத் திருவிழாவிலும் வெள்ளிக்கிழமையிலும் போகலாம். பசி தினமும் வருவது. இயக்கத்தில் பங்கெடுத்த எழுத்தாளர் கே. டானியல் பின்னர் எழுதிய 'பஞ்சமர்' நாவல் இந்தப் போராட்டக் காலத்தை இலக்கியத்தில் பதிவு செய்தது. மகாசபைத் தலைவர் எம்.சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1971இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

இனி, கொழும்புக்கு வருவோம். கலைப்பட்டதாரியான நான் 1994இல் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து கொழும்பு வந்து, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தேன். தலைநகரின் சைவக் கடைகள் எனக்குப் பெரும் வியப்பை அளித்தன. செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தை வரை அவை பரந்திருந்தன. பல கடைகளின் பெயரில் 'பவன்', 'விலாஸ்', 'லொட்ஜ்' என்ற ஒட்டு இருக்கும். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, பப்படம், ரசம், மோர் என மத்தியானச் சாப்பாடு இலையில் வரும். அவசரக்காரருக்குப் பார்சல். சிங்களவர்கள் அவற்றைச் 'சைவர் கடே' என்பார்கள். போயா தினத்தில் மச்சம் தவிர்க்கும் பௌத்தர், வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் இந்து, இறைச்சியைப் பற்றிய கவலையின்றி உண்ண விரும்பும் முஸ்லிம் ஆகிய எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள். எவருடைய உணவு விலக்கும் சைவச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் வாசலை மூடிய அதே சமையல், கொழும்பில் எல்லோருக்குமான சமையலாக இருந்தது. ஆகவே, குற்றம் சமையலில் இல்லை என்பது தெளிவு.

எங்கள் அலுவலகத்தில் மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வலிகாமத்தைச் சேர்ந்தவர். தினமும் மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு சைவக் கடைக்குப் போவார். ஓரத்தில் இடம் இருந்தாலும் நடு மேசையில்தான் அமர்வார். அது காலியாகும்வரை நின்று காத்திருப்பதும் உண்டு. பசியில் எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் காரணம் கேட்டேன். இலையில் தண்ணீர் தெளித்தபடியே, 1968இல் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்குப் போன இளைஞர்களில் தானும் ஒருவன் என்றார். "உள்ளுக்கு வந்து இருக்கிறதுக்கு அடி வாங்கினனாங்கள். பிறகேன் தம்பி மூலையிலை இருப்பான்?" என்றார்.

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை என்பதே உண்மை. எனது அப்பப்பாவின் கடையைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மேலும் ஓராண்டு தேவைப்பட்டது. சொன்னபோது அவர் சிறிதும் அதிர்ச்சியடையவில்லை. "எனக்கு முதலே தெரியும். உம்மடை ஊரையும் பேரையும் கேட்ட அண்டைக்கே தெரியும்" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்தக் கடைக்குள்ளை நான் ஒருநாளும் வரேல்லை. வெளியிலை நிண்டுதான் குடிச்சனான்" என்றார். அன்றைக்கும் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர் அவர்தான். அவர் இப்போது இல்லை. மன்னிப்பு என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு ஈடாகாது என்பதையும் அறிவேன்.

கொழும்பின் சைவக் கடைகளுக்கும் சோதனை வராமலில்லை. 1983 யூலையில் தமிழரின் கடைகள் தேடித்தேடி எரிக்கப்பட்டபோது, சைவக் கடைகளும் தப்பவில்லை. எல்லோருக்கும் சோறு போட்ட கடை என்ற நன்றி தீயை அணைக்கவில்லை. ஆனாலும் அவற்றில் பல மீண்டும் எழுந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வேலை இழந்தவர்களும் வருமானம் சுருங்கியவர்களும் வீட்டில் சமைத்த சோற்றுப் பார்சல்களை வாகனத்தில் வைத்துத் தெருவோரங்களில் விற்பது கொழும்பில் சாதாரணமாயிற்று. அந்தப் பார்சலைக் கட்டிய கை எந்த இனத்தினது, எந்தச் சாதியினது என்று பசித்தவன் கேட்பதில்லை.

திருநெல்வேலியில் எனது முறை வந்தது. இரண்டு தோசையும் ஒரு வடையும் வாங்கினேன். இடமில்லை. மேசன் தொழிலாளி சற்று ஒதுங்கி, "இதிலை இருங்கோ ஐயா" என்றார். அமர்ந்தேன். சாதி நமது ஊர்களை விட்டு அகன்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கலியாணப் பேச்சுக்களிலும் சில கோவில்களின் வாசல்களிலும் அது இன்னமும் உயிரோடு இருப்பதை யாவரும் அறிவோம். ஆனால் சாப்பாட்டுக் கடையின் வாங்கு திறந்தது. அது தானாகத் திறக்கவில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ ஒரு தமிழ்க் கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அமரும் வாசகர், அந்த இருக்கைக்கு வேறொருவர் ஏற்கனவே விலை கொடுத்துவிட்டார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் போதும்.

அப்பப்பாவின் கடை இருந்த இடத்தில் இன்று ஒரு தொலைபேசிக் கடை இருக்கிறது. அந்தச் சோடாப் போத்தல்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. ஒன்றையாவது எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன்.