திறவுகோலின் பயணம்: மறையாக்க வரலாற்றில் ஒரு திருப்பம்

செய்தியைப் பிறர் அறியாவண்ணம் எழுதியனுப்பும் கலை மிகத் தொன்மையானது. உரோமத் தளபதி யூலியஸ் சீசர் தமது கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, நெடுங்கணக்கில் அதற்கு மூன்றிடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதினார் என வரலாற்றாசிரியர் சுவெற்றோனியஸ் கூறுவர். பெறுபவர் அதே மூன்றிடம் பின்சென்று செய்தியை வாசிப்பார். மறைப்பதற்கும் வெளிப்படுத்துவதற்கும் இங்கு ஒரே இரகசியமே பயன்படுகின்றது. அவ்விரகசியமே திறவுகோல் எனப்படும். ஒரே திறவுகோலாற் பூட்டித் திறக்கும் இம்முறை சமச்சீர் மறையாக்கமாகும். சீசர் காலந்தொட்டு 1970கள் வரை நடைமுறையில் வழங்கிய முறைகள் இவ்வகையினவே.

இம்முறையின் நலிவு பூட்டில் மட்டும் இருக்கவில்லை. திறவுகோலைக் கொண்டு சேர்ப்பதிலும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் கையாண்ட எனிக்மா எந்திரத்தை எண்ணிறந்த வகைகளில் அமைக்க முடியும். ஆயினும், அன்றாட அமைப்பைக் குறிக்கும் பட்டியல்களை அச்சிட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் முன்கூட்டியே வழங்க வேண்டியிருந்தது. 1941 மே 9 ஆம் திகதி யூ-110 என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் கைப்பற்றிய பிரித்தானியக் கடற்படையினர், எந்திரத்தையும் குறியீட்டு ஆவணங்களையும் ஒருங்கே பெற்றனர். எண்ணிக்கையும் மற்றொரு இடர்ப்பாடாகும். நூறு பேர் தம்முள் இருவர் இருவராக இரகசியம் பேண 4950 திறவுகோல்கள் வேண்டும். இத்தகைய பெருஞ்சுமையைத் தாங்கும் ஆற்றல் அரசுகளுக்கும் படைகளுக்குமே பெரிதும் இருந்தது.

இந்நிலையை மாற்றியவர்கள் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோராவர். பூட்டும் திறவுகோலும் திறக்கும் திறவுகோலும் ஒன்றாயிருத்தல் வேண்டுமா என 1976 இல் வெளியான தமது கட்டுரையில் அவர்கள் வினவினர். மறு ஆண்டு மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றிவெஸ்ற், ஷமிர், அடில்மன் ஆகிய மூவரும் அவ்வினாவுக்குச் செயல்முறை விடை கண்டனர். இச்சமச்சீரிலா முறையில் ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உள. ஒன்றை ஊரறிய வெளியிடலாம். அதனாற் பூட்டியதை உரியவரிடமுள்ள மற்றையதே திறக்கும். நூறு பேருக்கு நூறு சோடிகள் போதும்.

மூவரும் கண்ட முறையின் அடிப்படை எண்கணிதமாகும். 89, 97 என்னும் முதன்மை எண்களைப் பெருக்கி 8633 எனக் காண்பது எளிது. 8633 ஐ மட்டுந் தந்து அதன் காரணிகளைக் கேட்பின் தேடியே காணவேண்டும். எண் பல நூறு இலக்கங்களாக வளருமாயின், இன்றைய கணினிகளும் அத்தேடலில் தோற்கின்றன.

இக்கண்டுபிடிப்பின் மற்றொரு வரலாறு 1997 இலேயே வெளிப்பட்டது. பிரித்தானிய அரசின் செய்தித்தொடர்புத் தலைமையகத்தில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970 இலேயே இவ்வெண்ணத்தை எழுதியிருந்தார். கிளிபர்ட் கொக்ஸ் 1973 இல் அதற்குக் கணித வடிவங் கொடுத்தார். அரசு அதனை இரகசியமாகவே வைத்திருந்தது. அவ்வுண்மை வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் எல்லிஸ் காலமானார். பூட்டப்பட்ட அறிவு உலகுக்குப் பயன்படவில்லை. பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக அச்சிட்ட அறிவே வணிகருக்கும் குடிமக்களுக்கும் இரகசியம் பேணும் வழியைத் திறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும், பழைய முறை மறைந்துவிட்டதெனக் கொள்ளல் தவறாகும். சமச்சீரிலா முறை மந்தமானது. ஆகவே, குறுந்திறவுகோலொன்றை இருவரும் பெறுவதற்கு அது பயன்பட, நீண்ட செய்தியை விரைவுமிக்க சமச்சீர் முறையே மறைக்கின்றது. அன்றியும், வெளியிடப்பட்ட திறவுகோல் உரியவருடையதுதானா என்னும் புதிய ஐயமும் எழுந்தது. அதற்குச் சான்று கூற நம்பத்தக்க ஒருவர் வேண்டப்பட்டார். திறவுகோலைச் சுமந்து செல்லும் தூதுவனை நம்பவேண்டிய நிலை நீங்கிற்று. நம்பவேண்டிய தேவை நீங்கவில்லை.