ஃபிரிட்ஜை ஏன் படுக்கப் போடக் கூடாது?

வீடு மாத்தும்போது கட்டில், பீரோ எல்லாம் குட்டி யானையில் ஏறின பிறகு கடைசியாக ஃபிரிட்ஜ் வரும். அது வாசலுக்கு வந்ததும் யாராவது ஒருத்தர் கட்டாயம் குரல் கொடுப்பார்: "படுக்கப் போடாதீங்கப்பா, நிக்க வெச்சே கட்டுங்க!" புது வீட்டில் இறக்கினதும் இன்னொருத்தர்: "உடனே சுவிட்ச் போடாதீங்க, கேஸ் செட்டில் ஆகணும்." ஏன்னு திருப்பிக் கேட்டா பாதிப் பேரிடம் பதில் இருக்காது.

இந்த ரெண்டு விதிக்குப் பின்னாடி சுமார் நூறு வருஷத்துக் கதை இருக்கு மக்களே. அதில் விஷவாயு வருகிறது, ஐன்ஸ்டீன் வருகிறார், அமெரிக்க ஜனாதிபதி வருகிறார். கொஞ்சம் நீளம்தான், ஒரு டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

1910-களிலும் 20-களின் தொடக்கத்திலும் அமெரிக்க வீடுகளுக்கு வந்த மின்சார ஃபிரிட்ஜ்களில் பலவற்றை நகர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்டி சமையலறையில் இருக்கும். மோட்டாரும் கம்ப்ரஸரும் கீழே நிலவறையில் பெல்ட் போட்டு ஓடும். நடுவில் குழாய்கள். அந்தக் குழாய்க்குள் ஓடியது அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு இந்த மூணில் ஏதாவது ஒண்ணு. மூணுமே விஷம்.

வெளியே இருக்கிற மோட்டார் கம்ப்ரஸருக்குள்ளே இருக்கிற பம்ப்பைச் சுத்தணும்னா, ஒரு தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகணும். அந்த ஓட்டையை அடைக்க ஒரு சீல். சீல் தேய்ந்தால் கசிவு. அம்மோனியா கசிந்தால் நெடியே ஊரை எழுப்பிவிடும். மெத்தில் குளோரைடு அப்படியில்லை, தூங்குகிறவர்களை எழுப்பாமலே வேலையை முடித்துவிடும். 1929-ல் சிகாகோவில் இப்படிப் பல பேர் இறந்தார்கள்.

அதற்கு முன்பே, பெர்லினில் ஃபிரிட்ஜ் கசிவில் ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் பேப்பரில் படித்து மனசு கலங்கினவர் ஐன்ஸ்டீன். ஆமாங்க, அதே ஐன்ஸ்டீன்தான்! இயற்பியலாளர் லியோ சிலார்டோடு சேர்ந்து, நகரும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். நகரும் பாகம் இல்லேன்னா சீல் வேண்டாம், சீல் இல்லேன்னா கசிவும் கிடையாது. 1930-ல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. ஆனால் அந்த ஃபிரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை.

கடைக்கு வந்த தீர்வு வேறு. 1927-ல் ஜெனரல் எலக்ட்ரிக் 'மானிட்டர் டாப்' என்ற ஃபிரிட்ஜை வெளியிட்டது. பெட்டியின் தலையில் அண்டா கவிழ்த்த மாதிரி கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால மானிட்டர் கப்பலின் பீரங்கிக் கூண்டு மாதிரி இருந்ததால் அந்தப் பேர். இதில் மோட்டாரையும் பம்ப்பையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். தண்டு வெளியே வரவே வேண்டாம், கரண்ட் மட்டும் உள்ளே போனால் போதும். ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வீடு மாற முடிந்தது இந்த மாதிரி மாடல்களால்தான்.

நம்ம ரெண்டு விதிகளும் பிறந்தது இந்தக் கூட்டுக்குள்ளேதான். இன்றைக்கு நம் ஃபிரிட்ஜின் அடியில் இருக்கும் கறுப்புக் குண்டும் அதே யோசனையின் வாரிசு. உள்ளே மோட்டாரும் பம்ப்பும் ஸ்பிரிங்குகள் மேல் நிற்கின்றன. அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. அடைத்த கூடு என்பதால் பிறகு திறந்து எண்ணெய் விட முடியாது, இருப்பதை வைத்தேதான் ஆயுசு முழுக்க ஓடணும். படுக்கப் போட்டால் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், ஸ்பிரிங் கழன்றுகொள்ளவும் வாய்ப்பு உண்டு. உடனே சுவிட்ச் போட்டால் பம்ப் எண்ணெய் இல்லாமல் ஓடித் தேயும். ஆக, முக்கியமாகச் செட்டில் ஆக வேண்டியது கேஸ் இல்லை, எண்ணெய்!

கசிவைக் குறைச்சாச்சு. விஷம்? 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் வேதியியலாளர் கூட்டத்தில் ஒரு வித்தை காட்டினார். தன் குழு கண்டுபிடித்த புது வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்தார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. அதுதான் ஃப்ரியான். ஃபிரிட்ஜ் பயம் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஆபத்து கதவுப் பக்கமாக வந்தது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் கதவில் வெளியிலிருந்து மட்டும் திறக்கிற கொக்கி இருந்தது. பழைய ஃபிரிட்ஜைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிடுவார்கள். கண்ணாமூச்சி விளையாடுகிற பிள்ளைகள் உள்ளே போய் ஒளிந்துகொள்வார்கள். கொக்கி விழுந்துவிடும். காற்றும் போகாது, கத்தினாலும் வெளியே கேட்காது. இப்படிப் பல குழந்தைகள் செத்த பிறகு, 1956-ல் ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1958 அக்டோபர் இறுதியிலிருந்து தயாராகும் வீட்டு ஃபிரிட்ஜ் எதுவானாலும் உள்ளிருந்து திறக்க வரணும்.

இதற்காக 2 முதல் 5 வயது வரை உள்ள 201 குழந்தைகளை வைத்து, கண்காணிப்போடு ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 1958-ல் வெளியானது. பெரியவங்க நாம என்ன நினைப்போம்? மாட்டிக்கிட்டா குழந்தை உதைக்கும், கத்தும்னு. ஆனால் ஏறக்குறைய கால்வாசிக் குழந்தைகள் வெளியே வர முயற்சியே செய்யவில்லை, அல்லது பேருக்குத்தான் செய்தன. சும்மா இருந்தன. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்று கதவை மூடிப் பிடித்திருக்கும் காந்த ரப்பர் பட்டைக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்து, ஃப்ரியான். அது லேசில் சிதையாது. அதனாலேயே மேலே போய் ஓசோனைத் தின்றது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் இதை எச்சரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1993-ல் ஜெர்மனியில் ஐசோபியூட்டேன் போன்ற வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ்கள் தயாராகின. இன்று நம்மூரில் விற்கும் பல ஃபிரிட்ஜ்களின் பின்னாடி 'ஆர்-600ஏ' என்று ஸ்டிக்கர் இருக்கும். அதுதான் ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் நெருங்கின சொந்தக்காரன். ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பிடிக்கும். அதனால்தான் 150 கிராமுக்குள்ளேயே அடைக்கிறார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், ஒரு பக்கைச் சரி பண்ணினால் இன்னொரு இடத்தில் வேறொரு பக் முளைக்கிறது. சமையலறையில் தூங்கினவர்களிடமிருந்து ஆபத்து கொல்லையில் விளையாடின குழந்தைகளுக்குப் போனது, அங்கிருந்து ஆகாயத்துக்கு. ஒழியவில்லை, இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆக, அடுத்த தடவை வீடு மாத்தும்போது:

- தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துட்டு, கதவைக் கயிறு போட்டுக் கட்டுங்க.
- ரெண்டு பேராவது சேர்ந்து, நிக்க வெச்சே தூக்குங்க. மாடிப்படியில் சாய்ச்சுத்தான் ஆகணும்னா கொஞ்சமா, கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.
- பின்பக்கக் குழாய் நசுங்கக் கூடாது. கம்ப்ரஸரைப் பிடித்துத் தூக்கவே கூடாது.
- இறக்கின பிறகு சில மணி நேரம் சும்மா விடுங்க.

இதெல்லாம் கூட வருகிற ஃபிரிட்ஜுக்கு. நாம் விட்டுட்டு வருகிற பழைய ஃபிரிட்ஜை யாரும் நினைப்பதில்லை. கொக்கி வெச்ச பழைய பெட்டி இன்னும் சில வீட்டு மொட்டை மாடியில் கிடக்கு. காயலான் கடைக்குப் போகிறவரைக்கும் அங்கேதான் கிடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷம் போதும். முதல் வேலையா அந்தக் கதவைக் கழற்றிப் போட்டுடுங்க.