வாசலும் வீதியும்: திருமணித் தொழுநோய்ப் பணி காஞ்சி நகருக்குக் கற்பிப்பது

உடல் ஊனமுற்றோருக்குத் தமிழகத் திருச்சபை ஆற்றிய தொண்டின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஸ்வேன்சன் அம்மையார் செவிகேளாதோருக்கும் தொடங்கிய பள்ளிகள் அவ்வரலாற்றின் பெருமைக்குரிய பகுதிகளாகும். ஆயினும், அந்நிறுவனங்களின் மதிலுக்கு வெளியே இருந்த ஊர் இவர்களை எவ்வாறு ஏற்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. காஞ்சிபுரத்திற்கு அண்மையில், செங்கற்பட்டைச் சார்ந்த திருமணியில் நடைபெற்ற தொழுநோய்ப் பணி அவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

சட்டம் அடைத்த வீதி

1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், அது நடைமுறைக்குக் கொணரப்பட்ட இடங்களில், ஆதரவற்றுத் திரிந்த தொழுநோயாளரைக் காவலர் பிடித்துப் புகலிடங்களுக்கு அனுப்ப வழிசெய்தது. பொதுக் கிணற்றிலும் குளத்திலும் அவர்கள் நீராடுவதையும், உண்பொருள் சமைத்து விற்பதையும், வாடகை வண்டி ஓட்டுவதையும் தடுக்க அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. நோயைக் காட்டிலும் நோயாளரையே நகரத்திலிருந்து அகற்றுவது அதன் நோக்காயிருந்தது எனலாம். 2016ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது.

இச்சூழலில்தான் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. 1930களின் நடுவில் அங்குப் பொறுப்பேற்ற மருத்துவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மற்ற நோய்களைப் போன்றதொரு நோயே என்பதை நிலைநாட்ட உழைத்தார். 1940களின் பிற்பகுதியில் சல்போன் மருந்துகளைக் கொண்டு சிகிச்சை செய்ததில் அவருடைய பங்கு குறிப்பிடத்தக்கது. 1955இல் இந்திய அரசு இம்மருத்துவமனையை ஏற்று மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

கை சீரான பின்னர்

1947இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டு திருமணிக்கு வந்தார். விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பற்றியபொழுது, அக்கையில் வலிமை வாய்ந்த தசைகள் இன்னும் உயிரோடிருப்பதை உணர்ந்தார். செயலற்ற தசைகளுக்கு மாற்றாக நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை முறை இதிலிருந்து வளர்ந்தது.

ஆனால் மருத்துவம் வென்ற இடத்தில் ஊர் தோற்றது. கைகள் சீர்செய்யப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, தமக்கு வேலையும் குடியிருக்க வீடும் கொடுப்பாரில்லை என்றும், கைகள் நேரானதால் பிச்சையும் குறைந்துவிட்டது என்றும் முறையிட்டதைப் பிராண்டு பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். நோய் நீங்கிற்று, கையும் நிமிர்ந்தது; வாசல் மட்டும் திறக்கவில்லை. இதனை உணர்ந்தே வேலூரில் 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் அமைக்கப்பட்டு, நலம் பெற்றோர் தச்சு முதலிய தொழில்களில் பயிற்றுவிக்கப்பட்டனர்.

அதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தினால் கால்கள் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் கனி. மேசையும் அறையும் வழியும் அவருக்கேற்ப அமைந்தபொழுது அவருடைய திறமை பலருக்குப் பயன்பட்டது. தடை உடலில் மட்டும் இல்லை, கட்டடத்திலும் மனத்திலும் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காஞ்சியின் நிலை

இவ்வுண்மையைக் காஞ்சிபுரத்தில் பொருத்திக் காண்போம். இந்நகரின் பெருந்தொழிலாகிய பட்டு நெசவில், குழித்தறியில் அமர்பவர் கால்களைக் குழியில் இறக்கி மிதிகளை இயக்க வேண்டும். கால் இயலாதவர் அவ்விடத்தை இழக்கிறார். ஆயினும் நூல் சுற்றுதல், சேலைக்கு உருவரைதல், ஜக்கார்டு அட்டை குத்துதல் ஆகியவை அமர்ந்து செய்யும் வேலைகளே. கோர்வைச் சேலைக்கு மரபுப்படி இருவர் ஒரே தறியில் அமர்கின்றனர். ஒருவரையொருவர் துணைக்கொண்டு உழைப்பது இந்நகருக்குப் புதிதன்று.

வருவோருக்கென வீதிகளை ஒழுங்குபடுத்துவதும் புதிதன்று. 2015இல் மத்திய அரசின் பாரம்பரிய நகர மேம்பாட்டுத் திட்டத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட 12 நகரங்களுள் காஞ்சியும் ஒன்று. 2019இல் 48 நாட்கள் நடந்த அத்திவரதர் விழாவிற்கெனத் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் அமைக்கப்பட்டன. விழாக் கூட்டத்திற்காகச் செய்ய இயன்றதைச் சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்காகவும் செய்ய இயலும். 2021இல் மாநகராட்சியான இந்நகருக்கு அதற்கான வழியும் பிறந்துள்ளது: உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது.

நம் ஆலயங்கள்

வரதராசர் சந்நிதிக்கு ஏறும் 24 படிகளை எண்ணுவது நமக்கு எளிது; நம் ஆலய வாசற்படிகளையும் பலிபீடப் படிகளையும் எண்ணுவதே நம் கடமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துசெல்லும் கட்டடங்களுள் சமயக் கட்டடங்களையும் சேர்த்தே கூறுகிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் அச்சட்டம் தன் பாதுகாப்பினுள் அடக்கியுள்ளது.

எனினும் சட்டத்திற்கு முன்னரே திருமறை நம்மிடம் பேசியுள்ளது. அலங்கார வாசலருகே வைக்கப்பட்ட முடவன் எழுந்து நடந்து தேவாலயத்தினுள் சென்றான் (அப். 3:1-10). இப்பகுதியைக் குணமாதலின் அற்புதமாக மட்டும் பிரசங்கிப்போமாயின், குணமடையாதவருக்கு வாசலே இடம் என்று கூறியவராவோம். மேவிபோசேத்தோ இரு கால்களும் முடமானவனாகவே இருந்து, அரசனின் பந்தியில் நாள்தோறும் அமர்ந்தான் (2 சாமு. 9:13). அவன் நடந்த பின்னரே அமரலாம் என்று தாவீது நிபந்தனை விதிக்கவில்லை. திருமணியிலும் வேலூரிலும் நம் முன்னோர் இடர்ப்பட்டுக் கற்ற பாடமும் இதுவே: குணமாக்குதல் மருத்துவரின் பணி; பந்தியில் இடமளித்தல் சபையனைத்தின் பணி.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவர்களும் தத்தம் சேகரத்தில் சிலவற்றையேனும் ஆராய்தல் வேண்டும். ஆலயத்தினுள் படியேறாமல் நுழைய ஒரு வழி உண்டா? திருவிருந்து பெற முன்னே வர இயலாதவரிடம் அப்பமும் இரசமும் தயக்கமின்றிச் செல்கின்றனவா? செவிகேளாதவருக்கு அருளுரை எவ்வாறு எட்டுகிறது? சேகரக் குழுவில் ஊனமுற்றோர் ஒருவரேனும் வாக்களிக்கும் உறுப்பினராக உள்ளாரா? இவற்றுக்கு ஆம் என்று கூற இயலுமாயின், நகரத்தாரிடமும் மாநகராட்சியிடமும் வீதியைத் திறக்குமாறு கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.