கடல் நோக்கும் கழனிப் படிகள்

குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நிலங்களைத் தனித்தனியே பிரித்துப் பள்ளியில் பயின்றோம். அம்மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும் நாடொன்று மும்பைக்குத் தெற்கே உள்ளது. அதுவே கொங்கணம். மேலே சையமலை, சரிவில் படிப்படியாக நெல்வயல், கீழே அரபிக்கடல்.

1998ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் கொங்கண் ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. அன்று தொட்டு, கேரளத்தின் வழியே நெல்லைக்கும் குமரிக்கும் செல்லும் நம்மவர் பலர் அவ்வயல்களைச் சன்னலோரம் அமர்ந்து கண்டு களிக்கின்றனர். ரயிலிலிருந்து கடல் அரிதாகவே தெரியும். இரத்தினகிரியில் இறங்கிக் கடற்கரைச் சாலையிற் சென்றாலன்றி முழுக் காட்சியும் கிட்டாது. ஆடி மாதமே அதற்கு ஏற்ற காலம்.

இவ்வழகு இயற்கை மட்டும் அளித்ததன்று. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழியும் செம்புறாங்கல் நிலம் அது. கல்லடுக்கி வரப்புக் கட்டாவிடில் மண் முழுவதும் கடலுக்குப் போய்விடும். கோடையில் தழையும் சுள்ளியும் சாணமும் பரப்பி நாற்றங்காலை எரிப்பர். இதனை 'ராப்' என்பர். களை மடியும்; சாம்பல் உரமாகும். மழை இறங்கியதும் விதைத்து, நாற்றைப் பிடுங்கிப் படிகளில் நடுவர். நீர் நில்லாத மேற்சரிவில் கேழ்வரகு விளையும்.

இத்தனை பாடுபட்டவர்க்கு நிலம் உரிமையாக இருந்ததா? பல ஊர்களில் இல்லை. அரசுக்கு வரி திரட்டித் தரும் 'கோத்' என்பார் ஊருக்கே தலைவராய் அமர்ந்து, விளைவில் பெரும்பங்கு கொண்டதோடு கூலியில்லா வேலையும் வாங்கினர். இரத்தினகிரி மாவட்டத்து அம்படவே கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட டாக்டர் அம்பேத்கர், இம்முறையை ஒழிக்க 1937இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை. அலிபாக் வட்டத்துச் சரி கிராமத்திலோ, நாராயண் நாகு பாட்டீல் தலைமையில் குத்தகை உழவர்கள் 1933 முதல் 1939 வரை நிலத்தை உழாது தரிசாகவே விட்டனர். ஆறாண்டுகள் பசியைத் தாங்கிய வேலைநிறுத்தம் அது! கோத் முறை ஒழிப்புச் சட்டம் 1949இல்தான் வந்தது. நம் தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்க்கும் 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்ததை இங்கு ஒப்புநோக்கலாம்.

படிவயல் தந்த நெல் பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுதும் போதவில்லை. ஆகவே கொங்கணத்து ஆடவர் பம்பாய் ஆலைகளை நாடி வந்தனர். ஊரிலிருந்த பெண்டிர் நாற்று நட்டனர். மாதந்தோறும் மணியார்டரை எதிர்நோக்கினர். நெல்லைச் சீமையினின்று தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோர் கதையும் இதுவேயன்றோ? பேசும் மொழி வேறு. ஊரை விட்டுவரச் செய்த காரணம் ஒன்றே.

ஆதலின், அடுத்த முறை அவ்வழியே செல்லுங்கால், பிள்ளைகளுக்குப் பசுமையை மட்டும் காட்டுதல் போதாது. அந்த வரப்புக் கற்களைச் சுமந்தவர் யாவர், அவர்க்கு அந்நிலம் உரிமையானது எவ்வாறு என்பதையும் எடுத்துரைப்போமாக. நம் குடியிருப்பில் அடுத்த வீட்டில் வாழும் கொங்கணத்தாரை நாம் மெய்யாக அறிந்துகொள்ள அது நல்லதொரு தொடக்கமாகும்.