விளக்கும் வாய்ப்பு: கூட்டுக் கற்றலின் ஆதாயம் யாருக்கு?

கூட்டுக் கற்றல் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் நன்மைகளை ஒரு பக்கமும் குறைகளை மறுபக்கமும் அடுக்கிவிட்டு, அளவோடு பயன்படுத்தச் சொல்லி முடிந்துவிடுகின்றன. நன்மைக்கும் குறைக்கும் ஊற்று ஒன்றே என்பது அந்த அடுக்கலில் மறைந்துபோகிறது. குழுவில் பிறருக்கு விளக்குபவரே மிகுதியாகக் கற்கிறார். ஆகவே மாணவர்களைக் குழுவாக உட்காரவைப்பதா வேண்டாமா என்பதைவிட, விளக்கும் வாய்ப்பு யார் யாருக்குக் கிடைக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இதற்கு ஒரு பழைய சான்று சென்னையிலேயே உண்டு. 1789 முதல் எழும்பூர் ஆண் அநாதைகள் இல்லத்தின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறைக்கு ஒத்துவராதபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் வெளியான அவரது அறிக்கையின் வழியே இது ‘மதராஸ் முறை’ எனப் பரவியது. செலவு குறைவு என்பதால் ஆள்வோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் போலவே அங்கும் சொல்லிக்கொடுத்தவன் ஒருவன். வரிசையில் இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

விளக்குவதற்கும் திருப்பிச் சொல்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் நோரீன் வெப்பின் ஆய்வுகள் துலக்கின. நால்வர் குழு ஒன்றில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுவதாகக் கொள்வோம். ஒருத்தி “ஆறில் ஐந்து, எழுதிக்கோ” என்கிறாள், மூவரும் எழுதிக்கொள்கிறார்கள். நோட்டுகள் நான்கிலும் விடை சரி, கற்றல் ஒன்றில்கூட இல்லை. பகுதிகளை ஏன் ஆறாக்க வேண்டும் என்று அவள் காரணம் சொல்லத் தொடங்கினால் அவளுக்கே முதலில் தெளிவு பிறக்கும். கேட்டவர்கள் அதைக்கொண்டு அடுத்த கணக்கைத் தாமே போட்டால்தான் அவர்களுக்கும் பயன். கூட்டுக் கற்றலை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் ஸ்லாவின் தொகுத்த ஆய்வுகளும் இதற்கு அரணாகின்றன. ஒவ்வொருவரின் தனிக் கற்றலையும் கூட்டிக் குழுவைப் பாராட்டிய முறைகளில், வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்ட விளைவின் இடைநிலை அளவு (திட்ட விலக்க அலகில்) 0.32. குழு முழுவதற்கும் ஒரே படைப்பை மதிப்பிட்ட அல்லது பாராட்டே இல்லாத முறைகளில் அது 0.07.

குழுவைத் தானாக இயங்க விட்டால் சமத்துவம் வந்துவிடாது. ஏற்கெனவே மதிப்புள்ள பிள்ளையே பேசும், மற்றவை கேட்கும் என்று சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் காட்டினார். நம் வகுப்பறையில் அந்த மதிப்பு சாதியிலிருந்தும் பாலினத்திலிருந்தும் சரளமான ஆங்கிலத்திலிருந்தும் வரக்கூடும். சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இன ஒதுக்கல் நீங்கிய வகுப்புகளுக்காக வகுத்த ‘ஜிக்சா’ முறை இதற்கொரு விடை. பாடத்தின் ஒரு துண்டு ஒருவரிடம் மட்டுமே இருக்கும். அவர் வாய் திறக்காமல் குழு முன்னேற முடியாது.

நன்றாகப் படிப்பவர்கள் பின்தங்குவார்கள் என்பது பெற்றோரின் வழக்கமான ஆட்சேபம். விளக்குவதே மிகுந்த பயன் தருவது எனில் அவர்கள் இழப்பது சொற்பமே; நான் அஞ்சுவது மெல்லக் கற்கும் மாணவர் என்றும் கேட்பவராகவே நின்றுவிடுவதை. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதை மறுப்பதற்கில்லை, எல்லாப் பாடத்தையும் குழுவில் நடத்தத் தேவையும் இல்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் முன்மாதிரியைக் கொண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலிலும் சில கற்றல் அட்டைகளுக்கு ஆசிரியர் துணை, சிலவற்றுக்குச் சக மாணவர் துணை, சிலவற்றைத் தாமே செய்வது என்ற பிரிவு இருந்தது. பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்தமர்ந்ததால், இவ்வாண்டு கேட்ட பிள்ளைக்கு அடுத்த ஆண்டு சொல்லிக்கொடுக்கும் இடம் கிடைக்க வழியிருந்தது. அம்முறையின் பிற குறைகள் எவ்வாறாயினும், இந்த ஏற்பாடு கவனத்துக்குரியது.

வளரறி மதிப்பீட்டில் குழுவாகச் செய்த ஒரு சார்ட்டுக்கு நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போடுவது, ஸ்லாவினின் கணக்கில் 0.07 பக்கம் நிற்கும் வேலை. சார்ட்டை ஒட்டியபின், அதை எழுதாத ஒருவரை அழைத்து விளக்கச் சொல்லி, அதற்கு மதிப்பெண் வழங்குங்கள். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.