ஊடகத் தயாரிப்புக் கல்வி தரும் பணித்திறன்கள்: திருமலை நேரலையை முன்வைத்து

ஒலி, ஒளி, எழுத்து ஆகியவற்றைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியையோ படத்தையோ திட்டமிட்டு, எடுத்து, தொகுத்து, பார்வையாளரிடம் கொண்டுசேர்க்கக் கற்பிப்பது ஊடகத் தயாரிப்புக் கல்வி. தமிழ்நாட்டுக் கல்லூரி வழக்கில் இதற்குப் பெயர் ‘விஸ்காம்’. படித்தவர்கள் எல்லோரும் தொலைக்காட்சிக்கோ சினிமாவுக்கோ போய்விடுவதில்லை. பலர் மருத்துவமனை, வங்கி, மென்பொருள் நிறுவனம், தொண்டு நிறுவனம், அரசு அலுவலகம் என்று வேறு இடங்களில் வேலைக்கு அமர்கிறார்கள். கேமராவைத் தொடவே தேவையில்லாத அந்த வேலைகளிலும் கைகொடுக்கிற பழக்கங்களே இக்கட்டுரையின் பொருள். அவற்றைத் திருமலையின் பிரம்மோற்சவ நேரலையில் கண்கூடாகக் காணலாம்.

திருமலை நேரலை

திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பக்தி சேனலை 2008இல் தொடங்கியது. தெலுங்கில் தொடங்கிய ஒளிபரப்பு பின்னர் தமிழுக்கும் வந்தது. 2021 அக்டோபரில் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. கோயிலின் கல்யாணோற்சவம், சகஸ்ர தீபாலங்கார சேவை, நாத நீராஜன மேடைக் கச்சேரிகள் முதலியவை இதில் நேரலையாக வருகின்றன. சேனல் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருமலை, 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

வருடாந்திர பிரம்மோற்சவம் ஒன்பது நாள். கொடியேற்றத்தில் தொடங்கிச் சக்கர ஸ்நானத்தில் முடியும். காலையும் இரவும் சேஷன், அன்னம், சிம்மம், கற்பகவிருட்சம், அனுமன், யானை, சூரியபிரபை, சந்திரபிரபை, குதிரை என்று வாகனங்கள் நான்கு மாட வீதிகளை வலம் வருகின்றன. ஐந்தாம் நாள் இரவு கருட சேவை. அன்றைக்கு ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருக்கும். சென்னையிலிருந்து புறப்பட்ட திருக்குடைகளும் வந்து சேர்ந்திருக்கும். மாட வீதி மாடங்களில் சுமார் 2 லட்சம் பேர் அமர்ந்திருப்பார்கள்.

இதை நேரலையாகக் காட்டுபவருக்குள்ள சிக்கல் எளிமையானது, ஆனால் கடுமையானது: பெருமாள் இயக்குநருக்காக நிற்கமாட்டார். ‘ஒன் மோர்’ கேட்க முடியாது. வாகனம் எங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பும், ஆரத்தி எங்கே நடக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஆகமமும் அர்ச்சகர்களும்தான். புரட்டாசி மாதத்து மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கருவறைக்குள் கேமராவுக்கு இடமே இல்லை. படப்பிடிப்புக்குப் பழகியவருக்கு இவையெல்லாம் தடைகள். நேரலைக்குப் பழகியவர் இவற்றைக் கொடுக்கப்பட்ட நிபந்தனைகளாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார். இந்த மனநிலை மாற்றத்தையே நான் இந்தக் கல்வியின் முதல் பயனாகச் சொல்வேன். பாடத்திட்டத்தில் இதற்குத் தாள் கிடையாது.

பல கேமராக்களைக் கொண்டு நடக்கும் எந்த நேரலையிலும் ஓ.பி. வேன் எனப்படும் வெளிப்புற ஒளிபரப்பு வண்டிக்குள் ஒருவர் எல்லாத் திரைகளையும் பார்த்துக்கொண்டு, எந்தக் காட்சி வெளியே போகவேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கிறார். கேமராக்காரர் காதில் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பெயர் சொல்லி அழைக்க நேரமிருக்காது. ‘டூ, ரெடி’ என்று எண் சொல்வதோடு சரி. கோபம், பாராட்டு, விளக்கம் எல்லாம் நிகழ்ச்சி முடிந்த பிறகு. குறைந்த சொல்லில் தெளிவாக ஆணையிடவும், ஆணையைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் செய்யவும் அங்கே பழகிவிடுகிறது. மருத்துவமனை அவசரப் பிரிவும் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையும் எதிர்பார்ப்பது இதே ஒழுக்கத்தைத்தான்.

வர்ணனை தனிக் கலை. வாகனம் ஒரு முனையில் தாமதித்தால், பார்ப்பவருக்கு அலுப்பு வராமல் அந்த நிமிடங்களைப் பேச்சால் நிரப்பவேண்டும். அதைவிடக் கடினம் பேசாமல் இருப்பது. வாகனத்துக்கு முன்னே ஜீயர் சுவாமிகளோடு திவ்யப் பிரபந்த கோஷ்டி பாடிக்கொண்டு செல்லும்போது வர்ணனையாளர் நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும். தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடத் துடிக்கும் இளைஞர் அந்த இடைவெளியின் அருமையை ஒலிப்பதிவு வகுப்பில்தான் முதலில் உணர்கிறார். வாடிக்கையாளரைப் பேசவிட்டுத் தான் கேட்கத் தெரிந்த விற்பனையாளர் எங்கும் அரிது.

2020

திருமலையின் தரிசனம் பெருந்தொற்றால் 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டு ஜூன் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு ‘அதிக மாதம்’ எனப்படும் கூடுதல் சந்திர மாதம் வந்ததால் இரண்டு பிரம்மோற்சவங்கள்: செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் நவராத்திரியை ஒட்டி ஒன்று. இரண்டும் மாட வீதிக்கு வராமல் கோயிலுக்குள்ளேயே ஏகாந்தமாக நடந்தன. 2021இலும் அப்படியே. 2022இல்தான் வாகனங்கள் மறுபடி வீதிக்கு வந்தன.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் வெளியுலகுக்குப் பிரம்மோற்சவம் என்பது தொலைக்காட்சித் திரைதான். வீதி இல்லை, கூட்டம் இல்லை, வாகனம் அசைந்து வரும் அழகும் இல்லை. பரந்த வெளியில் நகரும் உற்சவத்துக்குப் பழகிய கண், மண்டபத்துக்குள் நிலையாக இருக்கும் ஒன்றைக் காட்ட வேண்டியதாயிற்று. அப்போது முகம், மாலை, ஆபரணம், தீபம் ஆகியவற்றின் அண்மைக் காட்சிகள்தான் துணை. 2020 ஆகஸ்டில் கல்யாணோற்சவமும் இணையவழிச் சேவையாயிற்று. பணம் கட்டிய குடும்பம் வீட்டில் அமர்ந்து சங்கல்பம் செய்துகொண்டது. ஒரு நிறுவனத்தின் வழக்கமான பணி திடீரென்று நின்றுபோகும்போது, அதை வேறு வடிவத்தில் மாற்றிக்கொடுக்கும் திறனுக்கு இதைவிடத் தெளிவான சான்று அருகில் இல்லை. அதே மாதங்களில் பள்ளிகளும் வங்கிகளும் தடுமாறிக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம்.

டங்கனும் நாகையாவும்

இந்தத் திறன்கள் இடம்விட்டு இடம் பெயரும் என்பதற்குத் தமிழ் சினிமாவிலேயே பழைய சாட்சி இருக்கிறது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்துவிட்டு 1935இல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது. ஆனாலும் ‘சதி லீலாவதி’ (1936), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945), ‘மந்திரிகுமாரி’ (1950) ஆகியவை அவர் இயக்கத்தில் வந்தன. வசனத்தின் பொருளைச் சொல்ல உதவியாளர்கள் இருந்தார்கள். காட்சியைப் பிரிப்பது, ஒளியமைப்பது, நடிகரின் நாடகமேடைக் குரலைத் தணிப்பது, நாளைக்கு இத்தனை ஷாட் என்று கணக்கிடுவது ஆகியவை அவர் கையோடு கொண்டுவந்தவை. மொழி தெரியாத ஊரில் மேலாளராகப் போகிறவருக்கு டங்கனின் வாழ்க்கை நல்ல பாடம். படிப்பில் எது பெயர்ந்து வரும், எதை உள்ளூரில் கடன் வாங்கவேண்டும் என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

அந்த ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாக ராணாவாக நடித்தவர் சித்தூர் நாகையா. குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர். சித்தூர் ராம விலாச சபையின் நாடகங்கள் அவருக்கு அடைமொழியாக ஊர்ப்பெயரைத் தந்தன. குமாஸ்தாவாகவும் பத்திரிகையாளராகவும் வேலை பார்த்துவிட்டு நடிப்புக்கு வந்தார். ‘தியாகய்யா’வில் (1946) நடிப்பு, இயக்கம், இசை மூன்றும் அவருடையவை. டங்கன் படித்துவிட்டு வந்தவர், நாகையா மேடையில் பழகி வந்தவர். இப்போது கல்லூரிகள் இந்த இரண்டு வழிகளையும் ஒரே மூன்றாண்டுக்குள் அடைக்க முயல்கின்றன. முழுக்க முடிகிற காரியமில்லை.

வகுப்பில் பழகுவது

திருப்பதியில் 1983இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தகவல்தொடர்பும் இதழியலும் கற்பிக்கிறது. சென்னையில் லயோலா முதலான கல்லூரிகளில் விஸ்காம் பல ஆண்டுகளாக உண்டு. புனேயின் திரைப்படக் கல்லூரி 1960இல் தொடங்கியது. நிறுவனம் எதுவானாலும் மாணவர் எடுக்கும் முதல் குறும்படம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: கதை பெரிது, காசு சிறிது.

அங்கேதான் கற்றல் நடக்கிறது. படம் எடுக்கப்போகும் இடத்தை முன்கூட்டிப் போய்ப் பார்ப்பது ரெக்கி. மின் இணைப்பு எங்கே, மதியம் வெயில் எந்தப் பக்கம், பக்கத்துப் பள்ளியில் மணி எத்தனைக்கு அடிக்கும் என்று குறித்துக்கொள்ளாதவர் மறுநாள் மாட்டிக்கொள்வார். மலைமேல் படப்பிடிப்பென்றால் மலைப்பாதை நேரத்தையும் சேர்க்கவேண்டும். மறந்துவிட்ட ஒரு கேபிளுக்காக அடிவாரம் வரை போய்வர அரை நாள் போகும். யார், எங்கே, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டுவரவேண்டும் என்று முந்தின இரவே எல்லோருக்கும் அனுப்பும் தாள் கால்ஷீட். கோடம்பாக்கத்தில் அந்தச் சொல் நடிகர் கொடுக்கும் நாளுக்கே பெயராகிவிட்டது. தாளைவிட ஆள் முக்கியமானதால் இருக்கலாம். ஒரு திருமண மண்டப நிர்வாகியோ தேர்தல் அலுவலரோ அன்றாடம் எழுதுவதும் இதே தாளைத்தான், பெயர்தான் வேறு.

தொகுப்பு மேசை இன்னொன்றைக் கற்றுக்கொடுக்கிறது: வேண்டாததை விடுவது. இரண்டு மணி நேரம் எடுத்ததில் நான்கு நிமிடம் மிஞ்சும். மூன்று நாள் அலைந்து எடுத்த ஷாட்டானாலும் கதைக்கு ஆகாதென்றால் போகவேண்டியதுதான். முப்பது பக்க அறிக்கையை மேலதிகாரிக்கு ஒரு பக்கமாகச் சுருக்கித் தரச் சொன்னால், இதில் பழகியவர் எளிதில் செய்துவிடுவார். அத்துடன் தன் வேலையை மற்றவர்கள் வகுப்பில் திரையிட்டுக் குறை சொல்லும்போது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் பழகியிருப்பார். அலுவலகங்களில் பலருக்கு இது ஐம்பது வயதிலும் வருவதில்லை.

மொழி இன்னொரு தளம். தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ மாத இதழ் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் வருகிறது. இரு மொழி புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வளர்ந்த மாணவருக்கு இது வீட்டுச் சொத்து. ஒரே செய்தியை இரண்டு மொழிக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லத் தெரிவதும் வெறுமனே மொழிபெயர்ப்பதும் ஒன்றல்ல என்பதை வசனமும் துணைத்தலைப்பும் எழுதிப்பார்த்தவர் அறிவார்.

வரம்புகள்

படிப்பைப் பற்றிய ஏளனமும் உண்டு. 2003இல் பிரிட்டனின் உயர்கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் ஹாட்ஜ், தரம் குறைந்த பட்டப்படிப்புகளை ‘மிக்கி மவுஸ்’ படிப்புகள் என்றார். அந்தப் பெயரை ஊடகப் படிப்பின்மேல் ஒட்டுவது அங்கே பழகிப்போன வசை. நம்மூரில் ‘சினிமாவுக்கா படிக்கிறே’ என்பதோடு முடிந்துவிடும். வசையில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மென்பொருளின் பொத்தான்களை மட்டும் சொல்லித்தரும் படிப்பு சீக்கிரம் காலாவதியாகும். 2011 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ‘ஃபைனல் கட் புரோ’வை முற்றிலும் புதிதாக எழுதி வெளியிட்டபோது, பழைய பதிப்பில் கைதேர்ந்த தொகுப்பாளர்கள் பலர் கொதித்துப்போனார்கள். தொகுப்பின் தர்க்கம் தெரிந்தவர்களுக்கு அது சில வாரத் தொல்லை. பொத்தான் மட்டும் தெரிந்தவர்களுக்கு முதலிலிருந்து தொடங்கவேண்டிய கதை.

எல்லாத் திறனும் எல்லா இடத்துக்கும் பெயராது. நேரலையில் உடனடி முடிவு நல்லது. நீதிமன்ற ஆவணத்திலோ தணிக்கைக் கணக்கிலோ அதே வேகம் ஆபத்து. காட்சிக்காகச் சற்று மிகைப்படுத்தும் பழக்கத்தை நோயாளிக்குத் தகவல் சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோகக்கூடாது.

ஊடகத்துக்கு வெளியே வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஷோரீலை மட்டும் காட்டுகிறார்கள். அதில் முடிந்த படம் தெரியும், முடித்த விதம் தெரியாது. மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவோ உற்சவ ஏற்பாட்டுக் குழுவோ பார்க்க விரும்புவது பட்ஜெட் தாளையும், மழை வந்த நாளில் திருத்தி எழுதிய அட்டவணையையும், ஒருவர் வராமல் போனபோது யாரை எங்கே மாற்றிப் போட்டோம் என்ற குறிப்பையும். அவை பெரும்பாலும் படம் முடிந்த வாரமே குப்பைக்குப் போய்விடுகின்றன.